ஜெயக்கனி அக்கா கடைசிவரை சொல்லாத கோளாறு

ஜெயக்கனி அக்கா இறந்துபோன செய்தியை எனக்கு முதலில் சொன்னவர், யாருடைய பெயரைக் கேட்டாலே அக்கா பேச்சை நிறுத்திவிடுவாரோ அந்த மனிதர். காலையில் பனியன் யூனிட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. "ஏனுங்க, சாந்தாமணிங்களா? உங்க செக்கிங் அம்மா தவறிட்டாங்களாமுங்க. ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்பல ஒரு வண்டி நின்னுபோச்சுன்னு போயிருந்தனுங்க, அப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் ஃபோனை வைக்கவில்லை. என் அழுகைக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அந்தக் காரோட கோளாறு என்னன்னு உங்ககிட்டயாச்சும் சொல்லீட்டுப் போனாங்களாங்க?"

நான் ஃபோனை வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் இந்தக் கட்டுரையின் கடைசியில் இருக்கிறது.

அக்காவின் நினைவாக யூனிட்டில் ஒரு சிறு மலர் போடுகிறார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்பதால் என்னையும் எழுதச் சொன்னார்கள். இறந்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். அக்காவைப் பற்றி நல்லதைத்தான் எழுதப்போகிறேன். உயிரோடிருப்பவரைப் பற்றி அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஃபோன் செய்தவர் கார் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். யூனிட்டுக்கு வரும் வழியில் இருக்கும் அந்த ஒர்க் ஷாப் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர் பெயரை எழுத மாட்டேன். அக்காவின் சாவில் அவருக்கு ஒரு விளம்பரம் கிடைக்க வேண்டாம். ஏற்கெனவே நாற்சந்தியில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துக்கொண்டார், அது போதும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெயக்கனி அக்கா, தைத்து முடிந்த துணியில் குறை பார்க்கும் எங்கள் ஃபைனல் செக்கிங் பகுதிக்குத் தலைவி. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். கல்யாணமான புதிதில் டேனியல் அண்ணனோடு திருப்பூருக்கு வந்தவர், இங்கேயே தலை நரைத்தவர். ஆனால் பேச்சு மட்டும் கடற்கரையை விட்டு வரவேயில்லை. முதல் நாள் என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையையே "வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிடுவோம். நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "பேருதாம் சாந்தாமணி, மூஞ்சியப் பாத்தா அடுப்புல வச்ச சட்டி மாதிரில்லா இருக்கு" என்றார். அந்த வாரக் கடைசியில் நாங்கள் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம்.

தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்து, ஒன்றோடொன்று பொருத்தி, அட்டையில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் அந்த மெஷின் மறுபடி ஓடலாம். பெரும்பாலான யூனிட்டுகளில் முக்கால் ஊசி கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருமுறை குழந்தைகள் சட்டை ஓடிக்கொண்டிருந்தபோது ஊசியின் முனை மட்டும் கிடைக்கவில்லை. கண்டெய்னர் வாசலில் நிற்கிறது. முதலாளியே வந்துவிட்டார். "ஒரு துளி முனைதானுங்கம்மா, அதுக்கோசரம் லைனையே நிறுத்துவீங்களா?" என்றார். அக்கா எழுந்து நின்று, "அந்தத் துளி பச்சப்புள்ள கழுத்துல குத்தும்லா சார்" என்றார். காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் தடவினோம். கடைசியில் ஒரு டெய்லரின் செருப்பு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே, "சரிங்கம்மா, சமாதானம்" என்றார். அதற்கு அக்கா சொன்னதுதான் பிறகு எங்கள் பகுதியில் பழமொழி மாதிரி ஆயிற்று: "உடைஞ்ச துண்ட மொதல்ல கண்ணுல காட்டணும். சமாதானம் எல்லாம் அதுக்குப் பெறவுதாம்."

எங்கள் பகுதியில் முதலில் கார் வாங்கிய பெண் அவர். பழைய கார்தான், வெள்ளை நிறம். ஓட்டக் கற்றுக்கொண்டதும் முதல் வேலையாக என்னையும் பேக்கிங் பெண்கள் சிலரையும் ஏற்றிக்கொண்டு யூனிட்டுக்கு வர ஆரம்பித்தார். பஸ்ஸில் நசுங்கி வந்தவர்கள் நாங்கள். அந்தக் காரில் ஏறி உட்காரும்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு மிடுக்கு வந்துவிடும். காரை நிறுத்தும் இடம்தான் சரியில்லை. நிட்டிங் பகுதியின் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் வெளியே பார்த்து ஊதும் சுவர் ஓரம். மாலையில் வந்து பார்த்தால் கார் முழுக்கப் பஞ்சு பூத்திருக்கும். நாங்களும் அப்படித்தான் இருப்போம். ஷிப்ட் முடிந்ததும், காற்றைப் பீய்ச்சி அடிக்கும் ஏர் பைப்பை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். ஏர் அடித்தால் போகாத அழுக்கு ஊரில் இல்லை என்பது திருப்பூர்க்காரர்களின் நம்பிக்கை.

காரை அந்த ஒர்க் ஷாப்பில்தான் விடுவார். ஒர்க் ஷாப்காரர் வாயில் தேன் ஒழுகும். "வாங்கம்மா, உக்காருங்கம்மா, டீ குடிங்கம்மா" என்பார். வண்டியை உள்ளும் புறமும் ஏர் அடித்து, பஞ்சு இல்லாமல் பளிச்சென்று கொடுப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. நாங்களும் நல்ல மனிதர் என்று நம்பினோம்.

ஒருநாள் காலையில் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. செக் இன்ஜின் லைட். கார் ஓடியது, ஆனால் பாலத்து மேட்டில் கொஞ்சம் திணறியது. ஒர்க் ஷாப்காரர் ஒரு கருவியைச் சொருகிப் பார்த்தார். திரையை எங்களிடம் காட்டவில்லை. உதட்டைப் பிதுக்கினார். ஒரு வாரம் வைத்துக்கொண்டார். விளக்கு அணைந்து வந்தது, சில நாளில் மறுபடி எரிந்தது. திரும்பவும் விட்டோம், திரும்பவும் எரிந்தது. கடைசியில் அக்காவை உட்கார வைத்துச் சாவுச் செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார்: "இஞ்சின் போச்சுங்கம்மா. இறக்கிப் பாத்தாலும் தேறாதுங்க. ரோட்டுல எங்கியாவது தீப்புடிச்சுப் போச்சுன்னா, கூட வர்ற பொம்பளப் புள்ளைங்க பாவமில்லீங்களா? பழைய இரும்பு வெலைக்கு நானே எடுத்துக்கறனுங்க."

தனக்கு ஒன்று என்றால் அக்கா இணங்கியிருக்க மாட்டார். கூட வருகிற பெண்கள் என்றதும் இணங்கிவிட்டார். அந்த ஆள் சரியான இடத்தில்தான் ஊசியை ஏற்றினார். காரை விட்டுவிட்டு நாங்கள் மறுபடி பஸ் ஏறினோம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

சில வாரங்கள் போயின. சிக்னலில் எங்கள் பஸ் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவில் இருந்த கீறலை வைத்தே நான் அடையாளம் கண்டுவிட்டேன். ஓட்டி வந்தவர் ஒர்க் ஷாப்காரர். கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் மனைவி, அவர் மடியில் பிள்ளை, பின்னால் மச்சினன் குடும்பம், டிக்கி கொள்ளாத சாமான். பழைய இரும்பு குடும்பத்தோடு பழனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "தீப்புடிக்கும்னான்லா?" என்று கேட்டார். பிறகு, "அவம் பிள்ளைய மட்டும் பிடிக்காதோ?" என்றார். சிக்னல் விழுந்தது.

அதைக்கூட அக்கா விட்டிருப்பார் என்று டேனியல் அண்ணன் சொல்வார். நான் நம்ப மாட்டேன். ஆனால் விடவே முடியாதபடி ஆக்கியது அடுத்து வந்த பேச்சு. அந்த ஆள் டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் யூனிட் ஆட்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "ஊருத் துணியில எல்லாம் ஓட்டை பாக்கற அம்மா, தன்ற வண்டியில ஓட்டை பாக்கத் தெரியாமப் போச்சுங்க பாருங்க." அது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே செக்கிங் டேபிளுக்கு வந்துவிட்டது. ஒரு லாட்டை அக்கா ரிஜக்ட் செய்தால், பின்னால் யாராவது 'வண்டியில பாத்த மாதிரியா?' என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். செக்கிங்கில் இருப்பவருக்குக் கண்தான் மானம். அந்தக் கண்ணைப் பார்த்து ஊரையே சிரிக்கவைத்துவிட்டார் அந்த ஆள்.

அக்கா சண்டைக்குப் போகவில்லை. போலீஸ், பஞ்சாயத்து எதுவும் வேண்டாம் என்றார். தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனர் வாங்கினார். கார் இல்லாதவர் கார் ஸ்கேனர் வாங்கியதைப் பார்த்து டேனியல் அண்ணன், "குதிரைக்கு முந்தி கடிவாளம் வாங்கிட்டா" என்றார். "குதிரை வரும். அவனே கொண்டாந்து கெட்டுவாம்" என்றார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டுக் கார், என் வீட்டுக்காரரின் கார், கட்டிங் மாஸ்டரின் கார் என்று ஒவ்வொன்றாகத் தன் வீட்டுப் போர்டிகோவுக்கு வரவழைத்துப் பழகினார். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் சொருகி, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, செல்ஃபோனோடு இணைத்தால் கார் தன் வயிற்றெரிச்சலை 'கோடு' என்கிற குறியீட்டு எண்ணாகச் சொல்லிவிடும். ஒரு எழுத்து, பின்னால் நாலு எண். இதற்கா அந்த ஆள் திரையை மறைத்தார் என்று எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆரம்பத்தில் அக்காவும் சறுக்கினார். என் வீட்டுக் காரில் வந்த கோடு ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னது. "சென்சார் போச்சு, மாத்திரு" என்றார். மாற்றினோம். இரண்டு நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. பிறகு பார்த்தால், சென்சாருக்குப் போகிற ஒயரை எலி கடித்திருந்தது. அன்று மாலை அக்கா பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். "நானும் அவன மாதிரியே தீர்ப்புச் சொல்லிட்டேம்டி" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் ஒரு விளக்கு எரியும். நூல் அறுந்தது என்று அது சொல்லும், ஏன் அறுந்தது என்று சொல்லாது. நூல் மட்டமா, ஊசி வளைந்ததா என்று மனிதன்தான் தேட வேண்டும். காரும் அப்படித்தான் என்று அன்று பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு காரோடு வருகிற எல்லாரிடமும் முதலில் சொல்வது இதுதான்: "லைட்டு புகார்தாங் குடுக்கும். தீர்ப்புச் சொல்லாது." இரண்டாவது, "எரிஞ்சா மெதுவாப் போலாம். மினுக்குனா நிறுத்திப்போடு." மூன்றாவது, "கோட்டப் படம் புடிக்காம அழிக்க விடாத."

கொஞ்சம் கொஞ்சமாக ஞாயிறு மதியங்களில் அக்கா வீட்டு வாசலில் கார்கள் வரிசையாக நிற்கத் தொடங்கின. இன்ஜின் இறக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட கார் ஒன்று பெட்ரோல் மூடியை இறுக்கி மூடியதில் சரியாயிற்று. எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை. உண்மையிலேயே பெரிய கோளாறு என்றால், நல்ல மெக்கானிக் ஒருவரிடம் கோட்டின் படத்தோடு அனுப்பிவைப்பார். ஒரு காசு வாங்க மாட்டார், காப்பியும் கொடுப்பார். கிளம்புகிறவர்களிடம், "ஒர்க் ஷாப்புல ஏர் அடிக்க விடாதீய" என்று பிற்காலத்தில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால், "நான் சொன்னா செய்யும்வே" என்பார். அந்த ஒர்க் ஷாப்பில் பகல் வேளையில் ஆட்கள் சீட்டாடத் தொடங்கினார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது. பாவம் என்று யாராவது சொன்னால், சிக்னலில் நின்ற பஸ்ஸை நினைத்துக்கொள்வேன்.

குதிரை வந்தது. யூனிட் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு விளம்பரத்தைப் போட்டார்கள். வெள்ளைக் கார், அதே கீறல். 'இஞ்சின் சூப்பர் கண்டிசன், லேடீஸ் ஓட்டியது, தினமும் ஓடும் வண்டி' என்று போட்டிருந்தது. அக்கா அதைப் பலமுறை படித்தார். "ஏட்டி சாந்தா, உனக்குக் கார் வேணும்னு சொல்லு" என்றார்.

நானும் கட்டிங் மாஸ்டரும் வாங்குகிறவர்கள் மாதிரி போனோம். ஒர்க் ஷாப்காரர் சாவியைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் விளக்கு வந்து, இன்ஜின் கிளம்பியதும் அணைந்தது. "பாருங்க, சுத்தமுங்க" என்றார். அப்போதுதான் ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினார். அந்த ஆளின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு வேளைச் சோறு கூடுதலாக இறங்கும். அக்கா நேராக உள்ளே உட்கார்ந்து ஸ்கேனரைச் சொருகினார். கோடு ஒன்றுமில்லை. ஒர்க் ஷாப்காரருக்கு மூச்சு வந்தது. "நாந்தான் சொன்னனுங்களே" என்றார். அக்கா இன்னொரு பக்கத்தைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். ஒவ்வொரு காரும் ஓடும்போதே தன்னைத்தானே சில சோதனைகள் செய்துகொள்ளும். கோட்டை அழித்தால் அந்தச் சோதனைகளும் அழிந்துபோகும். திரும்ப முடிக்கச் சில நாள் ஓட வேண்டும். இந்தக் காரில் ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை. "தினம் ஓட்டுத காருன்னு போட்டிருக்கீரு. இது இன்னைக்கு அழிச்ச சிலேட்டுல்லா?" என்றார். பிறகு ரொம்ப மரியாதையாக, "வாங்க, ஊத்துக்குளி வரைக்கும் போயிட்டு வருவம். வெண்ணெ வாங்கணும்" என்றார்.

வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. டீக்கடைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா ஓட்டினார், நான் முன்னால் செல்ஃபோனைப் பிடித்துக்கொண்டேன், பின்னால் மாஸ்டரும் அவரும். ஊத்துக்குளியை நெருங்கும்போது ஒரு கோடு வந்தது. விளக்கு எரியவில்லை, ஆனால் கார் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அக்கா அவசரப்படவில்லை. வெண்ணெய்க் கடையில் இறங்கி, முகர்ந்து பார்த்து, புளித்த வாசனை என்று ஒன்றைத் தள்ளி, வேறொன்றை வாங்கினார். வண்டியைத் திரும்பக் கிளப்பினோம். பாதி வழியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னாலிருந்து, "அது… ஈரத்துக்கு எரியறதுங்க" என்று ஒரு குரல் வந்தது. மழை பெய்தே மாதங்கள் ஆகியிருந்தன. மாஸ்டர் இருமுவது போல் சிரித்தார். அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னார்: "இந்தக் கார எனக்கே தந்துரும். நீரு எடுத்த இரும்பு வெலைக்கே தந்துரும். இல்லைன்னா இறங்கினதும் மாஸ்டர் டீக்கடையில கதை சொல்லுவாரு." அவர் தந்தார். தராமல் என்ன செய்வார்? மாஸ்டர் எப்படியும் கதையைச் சொன்னார், அது வேறு விஷயம்.

அந்த வாரமே அக்கா போர்டிகோவில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கோடு சொன்ன புகார் இதுதான்: இன்ஜினுக்குள் போகிற கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். யாரும் தீர்ப்புச் சொல்லாத அந்தப் புகாரைப் பிடித்துக்கொண்டு, காற்று நுழையும் வாயிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஊசிமுனை தேடியவருக்கு இது எம்மாத்திரம்? கண்டுபிடித்தார். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அவ்வளவு நேரம் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு பொருளை மாற்றினார், இன்னொன்றை ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தார். அதற்குப் பிறகு அந்த விளக்கு எரியவேயில்லை. "ஏட்டி, இது ஒன்னோட இருக்கட்டும். நான் இருக்க வரைக்கும் அவன் காதுல விழக் கூடாது. நான் போன பெறவு ஊருக்கே சொல்லு. எல்லாருக்கும் தெரிஞ்ச பெறவு அவனுக்குத் தெரியட்டும்" என்றார்.

அங்கே தொடங்கியது அந்த ஆளின் தண்டனை. தினமும் காலையில் அந்தக் கார் எங்களை ஏற்றிக்கொண்டு ஒர்க் ஷாப் வழியாகப் போகும். தான் ப்ளக் மாற்றி, சென்சார் மாற்றி, மண்டையை உடைத்துத் தோற்ற வண்டி. முதலில் அலட்சியமாக இருப்பது போல் நடித்தார். பிறகு மாஸ்டரிடம் விசாரித்தார். தீபாவளிக்கு லட்டுப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். "சும்மா ஒரு அறிவுக்குக் கேக்கறனுங்கம்மா, என்னதானுங்க கோளாறு?" என்றார். "காப்பில சீனி போதுமா?" என்று கேட்டார் அக்கா. அடுத்த தீபாவளிக்கும் வந்தார். சர்ச் பாஸ்டர் காதுக்கு விஷயம் போய், மன்னிக்கக் கூடாதா என்று அவர் அக்காவிடம் கேட்டார். "மன்னிச்சாச்சு பாஸ்டர். மன்னிக்கத்தாம் சொல்லியிருக்கு, வெளக்கஞ் சொல்லச் சொல்லலைல்லா?" என்றார். இதைப் படித்துவிட்டு அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடிக்கும் என்று பொய் சொல்லி ஒரு பெண்ணின் காரையும் கண்ணையும் பறித்தவருக்கு ஒரு கேள்வியோடு வாழ்வது பெரிய தண்டனை இல்லை.

கிட்னி கெட்டுப்போய் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அந்த ஆள் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். நான் உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா ரொம்ப இளைத்திருந்தார், கை முழுக்க ஊசி குத்திய தழும்பு. வந்தவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உடனே ஆரம்பித்தார்: "இனி எதுக்குங்கம்மா வெச்சுக்கிட்டு… சொல்லீட்டீங்கன்னா மனசு லேசாயிரும்." யார் மனசு என்று சொல்லவில்லை. அக்கா ஒரு சுளையை வாயில் போட்டு மெதுவாக மென்றார். "பழம் இனிப்பா இருக்கு வே" என்றார். அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதுதான் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு. அந்த ஒரு சிரிப்புக்காக மட்டும் அந்த ஆளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆரஞ்சுக்கு இல்லை.

அடக்கத்தன்று நாற்சந்தியில் ஃப்ளெக்ஸ் நின்றது. மூலையில் அக்கா படம் ஸ்டாம்ப் அளவு. நடுவில் கை கூப்பியபடி ஒர்க் ஷாப்காரர் படம், கறுப்புக் கண்ணாடியோடு. 'எங்கள் அன்பு வாடிக்கையாளர்' என்று எழுதியிருந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் போட்டுத் திரும்பும்போது என் பக்கத்தில் வந்து, "இனி நமக்குள்ள என்னங்க பகை, சமாதானமாப் போயிரலாமுங்க" என்றார். டேனியல் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். அழுது வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினார்.

அண்ணன் அதன்பின் வீட்டிலிருந்து இரண்டு பொருட்களை என்னிடம் கொடுத்தார். ஒன்று, அந்த ஸ்கேனர். இன்னொன்று, ஒரு பெரிய அட்டை. ஊசித் துண்டுகளை ஒட்டுவது போலவே நாலு பக்கமும் டேப் போட்டு அக்கா ஒரு பொருளை அதில் ஒட்டி வைத்திருந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவை இரண்டும்தான், அவர் வளர்த்த பகையும்.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை ஒர்க் ஷாப் மேஜையில் நானே கொண்டுபோய் வைப்பேன். ஆகவே மிச்சம் உள்ள வரிகள் உங்களுக்குத்தான், ஒர்க் ஷாப்காரரே. வாங்க, உட்காருங்க. நடுவில் தாண்டி வந்திருந்தால் முதலிலிருந்து படித்துவிட்டு வாருங்கள், அக்கா அவசரப்படுகிறவர் இல்லை.

அட்டையில் இருப்பது அந்தக் காரின் ஏர் ஃபில்டர். மடிப்பு மடிப்பாகக் காகிதம். எங்கள் யூனிட் பஞ்சையெல்லாம் இன்ஜினுக்குள் விடாமல் அதுதான் பிடித்து வைத்திருந்தது. நீங்கள் வண்டி வரும்போதெல்லாம் அதைக் கழற்றி, சட்டைக்கு அடிப்பது போல, முழு வேகத்தில் ஏர் அடித்தீர்கள். காகிதம் கிழிந்தது. கிழிசல் வழியாகப் பஞ்சு உள்ளே போய், காற்றை அளக்கிற சென்சாரின் கம்பியில் படிந்தது. அது காற்றைக் குறைத்து அளந்தது, கார் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்தது, விளக்கு எரிந்தது. ஒவ்வொரு முறையும் நீங்கள் ஏதோ ஒன்றை மாற்றினீர்கள், மாற்றிய கையோடு மறுபடி ஏர் அடித்துக் கொடுத்தீர்கள். கோளாறு வேறெங்கும் இல்லைங்க, உங்கள் கையில்தான் இருந்தது.

ஊருத் துணியில் ஓட்டை பார்க்கிற அம்மாவுக்குத் தன் வண்டியில் ஓட்டை பார்க்கத் தெரியவில்லை என்றீர்கள். ஓட்டை இருந்தது. போட்டது நீங்கள், பார்த்தது அந்த அம்மா.

உடைந்த துண்டைக் கண்ணில் காட்டியாயிற்று. இனி சமாதானம் பேசலாம், அதுதான் அக்காவின் சட்டம். ஆனால் பேச வேண்டியவர் போய்விட்டார். எனக்குப் பேசுகிற எண்ணம் இல்லை.